முரளியின் முழங்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட்டில் எடுத்த விக்கெட் 800. அதில் 80 மட்டும்தான் 1995 டிசம்பர் 26-க்கு முன்னால் வந்தவை. அன்றைக்கு மெல்போர்னில் ஓர் அம்பயர், இவர் பந்து போடவில்லை, எறிகிறார் என்று சொல்லிக் கையை நீட்டினார். மீதி 720 விக்கெட்டும் அந்த ஆட்டத்திலும் அதற்குப் பின்பும் வந்தவை.

சாதனைப் பட்டியலை எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையனே ஒப்பித்துவிடுவான். நான் இங்கே எழுத வந்தது அந்த முழங்கையின் கதை. 1995 டிசம்பரிலிருந்து 2005 மார்ச் வரை, ஒரு மனிதனின் வலது முழங்கையைக் கிரிக்கெட் உலகம் எப்படி விசாரித்தது, எங்கே தடுமாறியது, கடைசியில் எப்படி ஒரு முடிவுக்கு வந்தது என்பதுதான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு. ராமநாதபுரம் கடற்கரையில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிற எனக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இங்கே ஒவ்வொரு கோடையிலும் எவனாவது ஒரு பையன், பந்தை எறிகிறவன் என்ற அர்த்தத்தில், "மாங்கா" என்று பேர் வாங்கி, பந்து போடுவதையே விட்டுவிடுகிறான்.

எங்கள் ஊர்ப்பக்கம் முரளிமேல் தனிப் பிரியம் உண்டு. அவருடைய தாத்தா 1920-இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தொற்றுநோய் பார்த்து நிறுத்தி வைக்கத்தான் மண்டபம் முகாமே கட்டப்பட்டது. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்து அந்தப் பாதை போய்விட்டாலும், சென்னை ரயிலை இன்றும் எங்கள் பெரியவர்கள் "போட் மெயில்" என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் ரூபவாகினி, இலங்கை அரசுத் தொலைக்காட்சி. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தால் இலங்கை ஆட்டம் சிங்கள வர்ணனையோடு தெரியும். வர்ணனை புரியாவிட்டாலும் "முரளி" என்ற பேர் புரியும். இந்தியாவோடு ஆடும்போதுகூட அவர் விக்கெட் எடுத்தால் கைதட்டுகிற ஆட்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

மெல்போர்ன்

ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் முதல் நாள். டேரல் ஹேர் அம்பயர். மூன்று ஓவருக்குள் ஏழு முறை முரளியின் பந்தை எறி என்று நோ-பால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க பந்துவீச்சை நிறுத்தி, பிறகு மறுமுனையில் கொடுத்துப் பார்த்தார். அந்த முனையில் நின்ற நியூசிலாந்து அம்பயர் ஸ்டீவ் டன் ஒருமுறைகூடக் கையை நீட்டவில்லை. அதே கை, அதே பந்து, அதே மைதானம். ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் ஒன்றும் இல்லை.

ஹேர் நின்ற இடம் முக்கியம். எறியைப் பார்க்க வழக்கமாக ஸ்கொயர் லெக்கில் நிற்கும் அம்பயர்தான் வசதியானவர். பக்கவாட்டில் முழங்கை முழுதாகத் தெரியும். ஹேர் நோ-பால் கொடுத்தது பந்துவீசும் முனையிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் தோள் முன்னால் வரும், முழங்கை பாதி மறையும்.

ஹேரை வில்லனாக்கிப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. தனக்கு எறி என்று பட்டால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டியது அன்றைய விதிப்படி அம்பயரின் கடமை. அவர் கண்ணைத் தவிர வேறு அளவுகோல் எதையும் விதி அவருக்குக் கொடுக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். ராஸ் எமர்சன் என்ற அம்பயர் மறுபடி வரிசையாக நோ-பால் கொடுத்தார். சந்தேகத்தைத் தீர்க்க முரளி, தன் வழக்கமான ஆஃப் பிரேக்கை விட்டு, மணிக்கட்டால் எதிர்ப்பக்கம் சுழற்றுகிற லெக் பிரேக் போட்டுப் பார்த்தார். அதையும் எறி என்றார்கள். லெக் பிரேக்கை எறிவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால் அப்புறம் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

விதி சொல்வது என்ன

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் எங்கள் டோர்னமெண்ட்களில் நடக்கிற தகராறில் முக்கால்வாசி இதை அறியாததால் வருவது.

முழங்கை வளைந்திருந்தால் நோ-பால் என்று விதியில் எங்கும் இல்லை. கை தோள் மட்டத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து விரலைவிட்டுப் போகும் நொடி வரை, வளைந்திருக்கும் முழங்கை நிமிரக் கூடாது, அவ்வளவுதான். வளைந்த கை வளைந்தபடியே வந்து பந்தை விட்டால் அது சுத்தமான பந்து. நிமிர்வதில்தான் வேகம் கூடுகிறது, அதைத்தான் விதி தடுக்கிறது.

முரளிக்குப் பிறவியிலேயே வலது முழங்கை முழுதாக நீளாது. நீங்களும் நானும் கையை நீட்டினால் நேர்கோடாக நிற்கும். அவர் நீட்டினால் வளைந்தே நிற்கும். அதோடு மணிக்கட்டு அசாதாரணமாகத் திரும்பும், தோள் வேகமாகச் சுழலும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவருடைய சுழல். பார்க்கிறவர் கண் ஏமாறுவதும் இதே மூன்றால்தான்.

ஏன் ஏமாறுகிறது? எங்கள் பள்ளியில் பையன்களுக்கு இதைச் செய்து காட்டுவேன். தடித்த கம்பி ஒன்றை நடுவில் லேசாக வளைத்து, வெயிலில் சுவரோரம் பிடித்து மெதுவாகத் திருப்பச் சொல்வேன். கம்பி வளைந்தபடியேதான் இருக்கும். ஆனால் சுவரில் விழும் நிழல் ஒரு நேரம் நேராகவும் ஒரு நேரம் வளைந்தும் தெரியும். தொலைக்காட்சித் திரையும் ஒரு சுவர்தான். வளைந்த கை தோளோடு சேர்ந்து திரும்பும்போது, ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது நிமிர்கிற மாதிரியே இருக்கும்.

1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் முரளியின் பந்துவீச்சைப் பல கோணங்களில் படம் பிடித்துச் சோதித்தார்கள். எறிவது போலத் தெரிவது கண்ணுக்கு வரும் மயக்கம் என்று முடிவு வந்தது. சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச்சில் லாகூரில் ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய அணியில் முரளி இருந்தார். 1998 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 220 ரன்னுக்கு 16 விக்கெட்.

அடிலெய்ட், 1999

சோதனை முடிந்தது, தீர்ப்பு வந்தது, ஆனால் வழக்கு முடியவில்லை. 1999 ஜனவரி 23-ஆம் தேதி இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் எமர்சன் ஸ்கொயர் லெக்கிலிருந்து மறுபடி நோ-பால் கொடுத்தார். ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை போய் நின்றுவிட்டார். பேச்சுவார்த்தை நடந்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. 302 ரன்னைத் துரத்திய இலங்கை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ரணதுங்கவுக்கு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் கிடைத்தன.

அம்பயரிடம் விரலை நீட்டிப் பேசியதை என் மாணவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அன்றைக்குக் கேப்டன் "சரி, நீ ஓரமா நில்லு" என்று முரளியை நிறுத்தியிருந்தால்? அதற்குப் பதில் 1963-இல் இருக்கிறது. பிரிஸ்பேனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்கிஃப் போட்ட ஒரே ஓவரில் நான்கு முறை எறி என்று நோ-பால் கொடுத்தார் காலின் ஈகர். கேப்டன் அவருக்கு அப்புறம் பந்தே கொடுக்கவில்லை. அந்த ஆட்டத்தோடு மெக்கிஃப் கிரிக்கெட்டை விட்டே போனார். எந்த ஆய்வகமும் அவர் கையை அளக்கவில்லை. அவர் எறிந்தாரா இல்லையா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

முரளிக்கு அது நடக்காமல் போனதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. விட்டுக்கொடுக்காத கேப்டன் இருந்தார், ஆய்வகத்துக்கு அனுப்பத் தயாரான வாரியம் இருந்தது. எத்தனை முறை கூப்பிட்டாலும் போய்க் கையைக் காட்டிய முரளி இருந்தார். இந்த மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும், "ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே" என்று மறுக்க அவருக்கு நியாயம் இருந்தது. மறுக்கவில்லை.

தூஸ்ரா

2004 மார்ச்சில் ஆஸ்திரேலியா இலங்கைக்கு வந்தது. தொடர் முடிவில் போட்டி நடுவர் கிறிஸ் பிராட், முரளியின் தூஸ்ராவைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார். வழக்கமான ஆஃப் பிரேக் கை அசைவிலேயே வந்து எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து அது.

இந்தக் கட்டத்தை எங்கள் ஊர் ரசிகர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்டக்கூடாது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகச் சோதனையில் தூஸ்ரா போடும்போது அவர் முழங்கை சராசரியாக 14 டிகிரி நிமிர்ந்தது. பயிற்சிக்குப் பிறகு 10.2 டிகிரிக்கு இறங்கியது. நிமிரக் கூடாது என்ற விதியில் அன்றைக்குச் சுழற்பந்து வீச்சாளருக்குக் கொடுத்திருந்த விலக்கு 5 டிகிரி. ஆக, அன்றைய அளவுப்படி அந்த ஒரு பந்து தப்புதான். இலங்கை வாரியம் அந்தப் பந்தைப் போட வேண்டாம் என்று சொன்னது. மற்றப் பந்துகளுக்குத் தடை வரவில்லை.

அன்றைய அளவுகளையும் பார்க்க வேண்டும்: சுழலுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10. ஒரே செயலுக்கு மூன்று நீதி. வேகப்பந்து வீச்சாளர் 9 டிகிரி நிமிர்த்தினால் சுத்தம், சுழற்பந்து வீச்சாளர் 6 டிகிரி நிமிர்த்தினால் எறி.

அந்த ஜூலையில் இங்கிலாந்தில் முரளி ஒரு காரியம் செய்தார். உறுதியான பிசினில் எஃகுக் கம்பிகளைப் பதித்து, அவர் வலது கைக்கு அச்சாக வார்த்த ஒரு கவசம். நீளம் 46 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போட்டுக்கொண்டால் முழங்கையை நிமிர்த்தவே முடியாது. அதை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் ஆஃப் பிரேக், டாப் ஸ்பின், தூஸ்ரா மூன்றையும் போட்டுக் காட்டினார். ரவி சாஸ்திரியும் மைக்கேல் ஸ்லேட்டரும் ஓர் எலும்பு மருத்துவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கவசம் போட்ட கையும் திரையில் நிமிர்கிற மாதிரிதான் தெரிந்தது. நான் பையன்களுக்குச் சுவரில் காட்டுகிற நிழல் அதுவே.

இது ஆட்டத்தில் எடுத்த அளவுக்கு ஈடாகாது என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சு. கவசத்தோடு போட முடியும் என்பதால், கவசம் இல்லாதபோதும் கை நிமிரவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் "நிமிர்த்தாமல் இந்தப் பந்தைப் போடவே முடியாது" என்ற வாதம் அன்றோடு செத்தது.

அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் ஐசிசி வேறொரு வேலை செய்தது. சந்தேகத்தில் இருந்தவர்களை மட்டும் பார்க்காமல், ஆட்டத்தில் பந்து வீசியவர்களையே படம் பிடித்து அளந்தது. கிட்டத்தட்ட அத்தனை பேருக்கும், 99 சதவீதம் பேருக்கு, முழங்கை கொஞ்சமாவது நிமிர்ந்தது. முன்னாள் வீரர்கள் அடங்கிய குழு இதைப் பார்த்தது. அதில் மைக்கேல் ஹோல்டிங் இருந்தார். முரளியைக் கடுமையாக விமர்சித்து வந்தவர், ஆதாரத்தைப் பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எல்லா வகைப் பந்துவீச்சாளருக்கும் ஒரே அளவு, 15 டிகிரி என்று பரிந்துரைத்தார்கள். 2005 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல் போனால்தான் வெறும் கண்ணுக்கு எறி எனத் தெரிய ஆரம்பிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

"முரளிக்காக விதியை வளைத்தார்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். காலம் ஒத்துப்போவதால் அந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் பழைய அளவை அப்படியே வைத்து எல்லாரையும் அளந்திருந்தால் உலகத்தின் நல்ல வேகப்பந்து வீச்சாளர்களில் பலர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒருவர் கையை விசாரிக்கப் போய், எல்லார் கையையும் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கு அது வளைத்ததாகத் தெரியவில்லை.

மிச்சம் தெரிந்ததுதான். 2007 டிசம்பர் 3-இல் கண்டியில் காலிங்வுட்டை எடுத்து ஷேன் வார்னின் 708-ஐத் தாண்டினார். 2010 ஜூலை 22-இல் காலேயில் பிரக்யான் ஓஜா ஸ்லிப்பில் மஹேலவிடம் கேட்ச் கொடுக்க, 800. ஒருநாள் ஆட்டத்தில் 534.

எங்கள் கரையில்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிக்கும் லீவு. அந்த இரண்டு மாதம் தொண்டியிலிருந்து கீழக்கரை தாண்டியும் ஊருக்கு ஊர் டென்னிஸ் பால் கோப்பை. பேட்டிங் பிடிக்கிற அணியே அம்பயர் போடும். ஆகவே எதிரணி பவுலர் இரண்டு விக்கெட் எடுத்தால் மூன்றாவது பந்தில் "மாங்கா" சத்தம் கிளம்பும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன். மண்டபம் பக்கத்து நாட்டுப்படகுக் குடும்பம். சின்ன வயதில் படகிலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்கை உடைந்து, நாட்டுக்கட்டு போட்டு, எலும்பு கூடியது; கை முழுதாக நீளவில்லை. ஆஃப் ஸ்பின் நன்றாகப் போடுவான். ஓர் அரையிறுதியில் வரிசையாக நோ-பால் கொடுத்தார்கள். அவன் கேப்டனே பந்தை வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் அவன் மைதானத்துக்கே வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சொன்னார்: "கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தப்பக்கூட பந்தைத்தான் கேட்டான் சார். இப்ப என்ன சொன்னீக எல்லாரும், பந்தைத் தொட மாட்டேங்கிறான்."

செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து அவன் பந்துவீச்சை மூன்று பக்கத்திலிருந்து எடுத்தோம்: ஸ்கொயர் லெக், எதிர்ப்பக்கம் பாயின்ட், நேர் பின்னால். செல்போன் படம் தீர்ப்பு சொல்லாது, அதுவும் ஒரு சுவர்தான். ஆனால் மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சொல்லும். ஆஃப் பிரேக்கில் முழங்கை மூன்று பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்தது. இடையிடையே வேகமாக ஒன்று தள்ளுவான். அதில் கை வெட்டி நிமிர்வது பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்தது. "தம்பி, அந்த ஒண்ணை மட்டும் விட்ரு. மத்ததை யார் கேட்டாலும் போடு" என்றேன். "அப்ப நான் மாங்கா இல்லையா சார்?" என்றான். "அந்த ஒரு பந்து மாங்கா. நீ இல்லை" என்றேன்.

இன்னும் மேலே போகிறவனுக்கும் வழி இருக்கிறது. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஐசிசி அங்கீகரித்த சோதனைக்கூடம் உண்டு. வெஸ்ட் இண்டீஸ் சுழற்பந்து வீச்சாளர் சுனில் நரைன் சோதனைக்கு வந்த இடம். தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளி தெறிக்கிற குறிகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்கள் வைத்து, கையின் அசைவை முப்பரிமாணத்தில் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு வகைப் பந்துக்கும் தனியாக அளவு வரும். தவறு இருந்தால் திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015 ஜனவரியில் ரஞ்சிக்கு வந்த கையோடு அவர் பந்துவீச்சும் சந்தேகத்துக்கு உள்ளானது. உட்கார்ந்து திருத்திக்கொண்டார். 2016-இல் டிஎன்பிஎல், 2017-இல் ஐபிஎல். 2020 டிசம்பர், 2021 ஜனவரி ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகம். திருத்த முடியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பையன்களிடம் அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, எங்கள் பகுதி டோர்னமெண்ட் நடத்துகிற நான்கைந்து ஊர்க் கமிட்டிகளோடு பேசினேன். "விதியில என்ன இருக்கோ அதைச் செய்வோம்ணே, ஆனா அம்பயர் சொன்னா கேக்கணும்ல?" என்று ஒரு கமிட்டித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. இப்போதைக்கு இரண்டு ஊரில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்: எறி என்று சந்தேகம் வந்தால் பேட்டிங் அணி அம்பயர் மைதானத்தில் நோ-பால் கொடுக்கக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் கமிட்டியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், மறுநாள் காலையில் மூன்று பக்கப் படம் எடுத்துப் பார்த்து, எந்தப் பந்தைப் போடக் கூடாது என்று பவுலரிடம் நேரில் சொல்ல வேண்டும். மற்ற ஊர்கள் அடுத்த தடைக்காலத்துக்குள் பதில் சொல்வதாக இருக்கின்றன. அந்தப் பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு; பள்ளி அணியில் ஆஃப் ஸ்பின் போடுகிறான், வேகப் பந்தை விட்டுவிட்டான்.